நாற்பத்தைந்து கட்டு

என் கையிலிருந்த தீதான் அது. மறுக்கவில்லை.
ஆகஸ்டில் லியுவா சமவெளியைக்
கீற்றுக் கீற்றாகக் கொளுத்திவிடுவது
எனக்குச் சம்பளம் தருகிற வேலை,
பின்னால் வரும் பெருந்தீக்குத்
தின்ன எதையும் மிச்சம் வைக்காமல்.
அன்று பகல் இரண்டு மணிக்குக்
காற்று கழுத்தைத் திருப்பிற்று.
கூரைக்கென்று முயுந்தா அறுத்து
நிறுத்திவைத்திருந்த புற்கட்டுகள்
ஒவ்வொன்றாய் எரிந்தன,
பெயர் கூப்பிட்டதும் எழுகிற
பள்ளிப் பிள்ளைகளைப் போல.

முயுந்தா அப்போது கலாபோவில்
கருவாடு விற்றுக்கொண்டிருந்தார்.
திரும்பி வர மூன்று வாரம்.
மழை இல்லை. கட்டுகள் நின்ற இடமெல்லாம்
கறுத்த தரையில் வெளுத்த வட்டங்கள்,
அம்மைத் தழும்பு மாதிரி.

"எண்ணிப் பார்த்துப் பேசிக்கொள்ளலாம்"
என்று சொல்லியனுப்பியிருந்தார்.
விடியுமுன் நான் போய்விட்டேன்.
நாற்பத்து மூன்று.
இன்னொரு முறையும் நாற்பத்து மூன்று.
மூன்றாம் முறை எண்ணுகையில்
மண்ணாங்கட்டி ஒன்று எழுந்து ஓடியது.

ஓடி, சட்டென நின்று,
கீழே எதையோ தவறவிட்டவள் போல
முன்னே சாய்ந்து நிமிர்ந்தது.
செம்பட்டை உச்சி.
கண்ணுக்குப் பின்னே மையிட்ட கோடு,
அதற்கு மேல் ஒரு வெள்ளை.
கல்குருவி.
புல் முழங்காலுக்கு நிற்கும்வரை
இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.
நாங்கள் எரித்துவிட்டுப் போனால்
சூடு ஆறியதும் குடிவரும்.

அது கிளம்பிய இடத்தைக்
கண்ணால் பிடித்துக்கொண்டே நடந்தேன்.
அங்கே வில்டபீஸ்ட் புழுக்கைகள்,
தீயில் வெந்து கரிந்தவை, ஏகப்பட்டவை.
அவற்றில் இரண்டு
புழுக்கை இல்லை.

கூடென்று ஒரு துரும்பு கிடையாது.
அடிப்பிடித்த சட்டியின் நிறம்.
குனிந்து பார்த்தேன், தொடவில்லை.
நிமிர்ந்தபோது சைக்கிள் மணி.

முயுந்தா ரப்பர் பூட்ஸில் வந்தார்.
காலைத் தூக்கி வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை,
தேய்த்துக்கொண்டேதான் நடப்பார்.
கையில் கோல், வட்டத்துக்கு வட்டம் குத்திப் பார்க்க.
பின்சீட்டில் மகன் லுபிந்தா,
அவன் கழுத்தில் கவண்.

"நாற்பத்தைந்து அறுத்தேன்."
"நாற்பத்து மூன்றுதான் இருக்கிறது."
"அப்படியா? சேர்ந்தே எண்ணுவோம், வா.
அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை,
ஒன்று விடாமல்."

அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடுவில்
நான் நின்றிருந்தேன்.
வெயில் ஏறிக்கொண்டிருந்தது.
இருபது அடி தள்ளி அந்தப் பறவை
தன் முட்டைகளைப் பார்க்காமல்
என்னைப் பார்த்தது.
பையன் இன்னும் எதையும் பார்க்கவில்லை.
என் நிழல் விழவேண்டிய இடத்தில் விழுகிறதா என்று
ஓரக்கண்ணால் சரிபார்த்துக்கொண்டேன்.
கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தேன்.

"நாற்பத்தைந்து," என்றேன்.

முயுந்தா கோலை ஊன்றி நின்றுவிட்டார்.
வாக்குவாதத்துக்கு வழியெல்லாம்
ஒத்திகை பார்த்து வந்தவர் போலும்.
"நாற்பத்து நாலாகக்கூட இருக்கலாம்,"
என்றார் தொண்டையைச் செருமி.
"இல்லை. நாற்பத்தைந்து."
"பணமாக வேண்டாம்."
"புல்லாகவே தருகிறேன். கிளம்புங்கள்."

போகும்போது லுபிந்தா திரும்பித் திரும்பிப் பார்த்தான்,
எரிந்த வெளியின் நடுவே
எதற்கும் உதவாத கம்பம் போல
ஏன் இவள் அசையாமல் நிற்கிறாள் என்று.
சைக்கிள் புள்ளியானபின் விலகினேன்.
அது வந்தது: ஓட்டம், நிற்றல், சாய்தல்,
மறுபடி ஓட்டம்.
முட்டைகளுக்கு மேல் உட்காரவில்லை,
நின்றது,
என் நிழல் இருந்த இடத்தில்
தன்னுடையதை வைத்து.

அடுத்த ஜூனில் அறுத்தேன்.
நாற்பத்து மூன்றுவரை கடன்.
நாற்பத்து நாலாவது கட்டில்
மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது.
அரிவாளை வீசிவிட்டு
அந்தப் பறவையை, அதன் வம்சத்தை,
வாய்க்கு வந்தபடி திட்டினேன்.
சுற்றிலும் புல் என் இடுப்புக்கு நின்றது.
அதற்கு அங்கே என்ன வேலை?